தூங்காத சார்ஜர்

அந்தப் படகில் ஒரு பல் மருத்துவமனை இருந்தது. மருத்துவமனையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. ஜெனரேட்டர் ஓடினால் வாயை மூடு. ஜெனரேட்டர் நின்றால் வாயைத் திற.

ஏரியைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் இது மனப்பாடம். காரணம், பின்பக்கத்து அறையில் இருந்த டீசல் ஜெனரேட்டர். அது ஓடத் தொடங்கினால் படகு முழுவதும் குளிர்க்காய்ச்சல் வந்தது போல நடுங்கும். அலமாரியில் இருக்கும் பஞ்சு டப்பா தானாக நடந்து ஓரத்துக்கு வரும். அந்த நேரத்தில் ஒருவர் பல்லில் துளை போட்டால் அது பல்லில் விழுமா, காதில் விழுமா என்று சொல்ல முடியாது. அதனால் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி, நோயாளி உட்காரும் நாற்காலிக்குக் கீழே வரிசையாக இருந்த ஆறு பேட்டரிகளையும் சார்ஜ் செய்துகொள்வார்கள். பிறகு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, அந்தப் பேட்டரிகளின் தயவில் நாள் முழுக்கப் பல் பார்ப்பார்கள்.

பல் பார்ப்பவர் அண்ணி. பேட்டரியைப் பார்ப்பவன் அவருடைய கொழுந்தன். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. ஊருக்கெல்லாம் அவன் ஃபியூஸ். அவன் கை வைத்த இடத்திலெல்லாம் அது போய்க்கொண்டிருந்ததால் வந்த பெயர். அவனோ அதைச் செல்லப் பெயர் என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். எட்டு மாதம் கடலில் இருப்பான். ஆக, படகில் இவர்கள் இரண்டு பேர்தான். அண்ணி முன்பக்கத்து அறையில் படுப்பார். ஃபியூஸ் மேல்தட்டில் கூரை போட்ட இடத்தில் படுப்பான். அவனுக்கு அந்தப் படகை விட்டால் போக ஓர் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஓர் இடம் இருந்தது. அதுதான் அவனுடைய பயம்.

அக்கா வீட்டுக்காரர் ஒரு பட்டன் கடை வைத்திருந்தார். பட்டனைத் தவிர அங்கே வேறு ஒன்றும் கிடையாது. ஃபியூஸ் அங்கே முன்பு பதினோரு நாள் வேலை பார்த்திருக்கிறான். இரண்டு ஓட்டைப் பட்டன் ஒரு பெட்டியில், நான்கு ஓட்டைப் பட்டன் ஒரு பெட்டியில், ஓட்டையே இல்லாமல் பின்னால் வளையம் வைத்தது ஒரு பெட்டியில் என்று காலையிலிருந்து மாலை வரை பிரிக்க வேண்டும். ஒன்பதாம் நாள் அவன் மனிதர்களின் முகத்தைப் பார்த்து ஓட்டைகளை எண்ணத் தொடங்கினான். பதினோராம் நாள் கிளம்பிவிட்டான்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோ," என்று அண்ணி போன ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தார். முந்தின நாள்தான் அவன் 'சரி செய்த' ஃபிரிட்ஜ் மருந்துகளை வெந்நீரில் போட்ட பக்குவத்துக்குக் கொண்டுவந்திருந்தது. "வியாழக்கிழமை சுகாதார அதிகாரி வர்றார். நம்ம அனுமதியப் புதுப்பிக்கணும். அன்னைக்கு மட்டும் ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னு வை..."

"ஆகாது அண்ணி."

"ஆச்சுன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை நீ அத்தான் கடையில இருப்ப. அவருக்கும் ஆள் வேணுமாம். புதுசா குழந்தைங்க பட்டன் எடுத்துப் போட்டிருக்காராம்."

"குழந்தைங்க பட்டனா?"

"யானை, முயல், வாத்து. அதையும் தனித்தனியாப் பிரிக்கணும்."

ஃபியூஸ் தன் சட்டைப் பட்டனைக் கையால் மூடிக்கொண்டான்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை காலையில் அவன் ஒரு நல்ல காரியம் செய்யக் கிளம்பினான். அவன் செய்த எல்லாக் கெட்ட காரியங்களும் அப்படித்தான் கிளம்பின.

சார்ஜர் சிகிச்சை அறையின் சுவரில் இருந்தது. ஆனால் அதன் வயர் படகின் நீளத்துக்கும் போய், பின்பக்கத்து அறையில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்த சாக்கெட்டில் முடிந்தது. ஒவ்வொரு நாளும் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அந்தச் சூட்டிலும் புகையிலும் மண்டியிட்டுத் தவழ்ந்து போய் பிளக்கைச் செருக வேண்டும். மறுபடி தவழ்ந்து போய்ப் பிடுங்க வேண்டும். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டரும் அங்கேதான் இருந்தது. ஃபியூஸுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன.

சார்ஜருக்கு ஒரு முழம் தள்ளி, சிகிச்சை அறைச் சுவரிலேயே வேறொரு சாக்கெட் சும்மா இருந்தது. ஃபேனுக்கும் விளக்குக்கும் போகிற அதே மின்சாரம்தான் அதிலும் வரும். ஜெனரேட்டர் ஓடினால் ஜெனரேட்டர் மின்சாரம். நின்றுவிட்டால், இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மின்சாரம். மாறுவது தானாக மாறிக்கொள்ளும்.

"இவ்வளவு நாள் இது தோணலையே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, நீள வயரைச் சுருட்டி எடுத்து, பிளக்கைப் பக்கத்துச் சாக்கெட்டில் செருகினான். ஜெனரேட்டரை ஓட்டினான். சார்ஜரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். இரண்டு மணி நேரம் கழித்து ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஃபியூஸ் அப்படியே நின்றான். காதைத் தீட்டிக் கேட்டான். ஜெனரேட்டர் சத்தம் இல்லை. தண்ணீர் படகின் பக்கவாட்டில் தட்டும் சத்தம்தான். ஆனால் சார்ஜர், சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணி! அண்ணி, ஓடி வாங்க!"

அண்ணி கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "என்ன, தண்ணி உள்ள வந்திருச்சா?"

"ஜெனரேட்டர் ஓடுதா சொல்லுங்க."

"ஓடல."

"இங்க பாருங்க. என்ன எரியுது?"

"ஆரஞ்சு."

"ஆரஞ்சுன்னா?"

"தம்பி, வாய் நிறைய பேஸ்ட். நேரா விஷயத்தச் சொல்லு."

"ஜெனரேட்டர் இல்லாமயே சார்ஜ் ஏறுது அண்ணி!"

அண்ணி விளக்கைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "டீசலே எரியாம எப்படிப்பா ஏறும்?"

"அதான் அண்ணி டெக்னிக். வயரோட நீளத்தக் குறைச்சேன் இல்ல? இவ்வளவு நாள் பாதிக் கரண்ட் வழியிலேயே செத்துப்போயிருக்கு."

அண்ணி பிரஷ்ஷின் நுனியால் சார்ஜரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், "எனக்குத் தெரிஞ்சது பல்லு. கரண்ட் உன் பாடு," என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

அடுத்த மூன்று நாளும் படகில் ஜெனரேட்டரே ஓடவில்லை. பஞ்சு டப்பா இருந்த இடத்தில் இருந்தது. இரவும் பகலும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. நிறைந்துவிட்டால் பச்சையாக மாற வேண்டும், மாறவில்லை. "இன்னும் ஏத்திக்கிட்டே இருக்கு அண்ணி, என்ன ஒரு சுறுசுறுப்பு!" என்று ஃபியூஸ் சாப்பிடும்போதெல்லாம் சொன்னான். பின்பக்கத்து அறைக்குத் தவழ்ந்து போகும் வேலை இல்லாததால், அங்கே இருந்த மீட்டரையும் அவன் பார்க்கவில்லை. புதன்கிழமை மாலை அண்ணனுக்குப் போன் போட்டு, தான் ஒன்று கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னான். அண்ணன் நடுக்கடலிலிருந்து, "எதையும் தொடாத," என்று மட்டும் சொன்னான். வழக்கமாக அவன் எடுத்த எடுப்பில் சொல்வதுதான் என்பதால் ஃபியூஸ் பொருட்படுத்தவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அட்டையில் கவ்வி வைத்த படிவங்கள், சட்டைப் பையில் மூன்று பேனா. படகில் கால் வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்து விரலையும் பார்த்தார். தூசி இல்லை. கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டியைத் திறந்து மூடினார். ஃபிரிட்ஜில் கை வைத்தார். குளிர்ந்தது. ஃபியூஸ் மூச்சு விட்டான்.

"எல்லாம் சரிதான் டாக்டர். ஒரு நோயாளியப் பாக்குறதயும் நான் பாக்கணும். விதி."

"இன்னைக்கு யாரும் வரலையே சார்," என்றார் அண்ணி. பிறகு அதிகாரியின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க ஏன் சார் இடது பக்கமா மெல்லுறதில்ல?"

"நான் எதையுமே மெல்லலயே, பேசிட்டு இருக்கேன்."

"பேசறப்பவே தெரியுது. எவ்வளவு நாளா வலி?"

அதிகாரி அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வலியெல்லாம் இல்ல. எப்பவாவது. தண்ணி குடிச்சா. காத்து பட்டா. படுத்தா."

"உக்காருங்க."

"சும்மா பாக்குறதுன்னா சரி."

சும்மா பார்த்ததில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு குகை இருந்தது. ஐந்து நிமிடத்தில் அதிகாரிக்கு மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்ததுதான் தப்பு. திறந்த வாயை அண்ணி விடுவதாக இல்லை. துளைக்கும் கருவி 'ஙீ' என்று கிளம்பியது. அதிகாரி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஃபியூஸ் ஓரமாகப் பெருமையோடு நின்றான். மேலே விளக்கு பளிச்சென்று இருந்தது; சுவரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

அப்போது இன்வெர்ட்டர் 'கீ கீ கீ' என்று கத்தியது.

இன்வெர்ட்டரின் குணம் அப்படி. பேட்டரி தேயத் தேய விளக்கை மங்கவிடாது. கடைசிச் சொட்டு வரை சிரித்த முகமாக வேலை செய்யும். தீரும்போது ஒரே போடாகத் தீரும். விளக்கு போனது. ஃபேன் போனது. துளைக்கும் கருவி பல்லுக்குள் இருந்தபடியே நின்றது. ஆரஞ்சு விளக்கும், மூன்று நாளில் முதல் தடவையாக, அணைந்தது.

"ஆஆ?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார், அசையாதீங்க," என்ற அண்ணி, கருவியை மெல்ல வெளியே எடுத்தார். பிறகு திரும்பாமலேயே, "சார்," என்றார். அது அதிகாரிக்கான சார் இல்லை. அண்ணிக்குக் கோபம் தலைக்கேறினால்தான் ஃபியூஸ் சார் ஆவான். "போய் என்னன்னு பாக்குறீங்களா சார்?"

ஃபியூஸ் பின்பக்கத்து அறைக்குத் தவழ்ந்தான். ஜெனரேட்டரின் சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. ஜெனரேட்டர் கிளம்பவும் அதே பேட்டரிதான் வேண்டும். மீட்டரைப் பார்த்தான். முள் அடியில் படுத்துக் கிடந்தது. ஆபத்துக்கு ஒரு கயிறு இருந்தது. சுற்றி இழுத்தான். பதினெட்டாவது இழுப்பில் ஜெனரேட்டர் இருமியது, இருபத்து மூன்றாவதில் ஓடியது. படகு நடுங்கத் தொடங்கியது.

அவன் திரும்பி வந்தபோது அதிகாரி வாயை மூடிக்கொண்டு, பாதி துளைத்த பல்லோடு, நாற்காலியோடு சேர்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார். உதடு மரத்துப்போய்ப் பேச்சு வரவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார். நடுங்கிய எழுத்தில், 'என் நாக்கு இருக்கிறதா?' என்று இருந்தது.

"இருக்கு சார். மரத்திருக்கு, அவ்வளவுதான்," என்றார் அண்ணி. "இப்ப துளைக்க முடியாது. படகு ஆடுது. பேட்டரி கொஞ்சம் ஏறட்டும்." பிறகு ஃபியூஸிடம் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பேட்டரிக்காரன் பழசப் பாலிஷ் போட்டு நம்ம தலையில கட்டிட்டான்பா. மூணு நாள் இடைவிடாம ஏத்தியும் தங்கலன்னா என்ன அர்த்தம்?"

அதிகாரிக்குக் காது மரத்துப்போகவில்லை. அவர் படிவத்தைத் திருப்பி, முன்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ஃபியூஸ் எட்டிப் பார்த்தான். 'பேட்டரிகள் பழுது. ஆறும் மாற்றப்படும் வரை அனுமதி' என்று எழுதி, அடுத்த சொல்லுக்குப் பேனா போய்க்கொண்டிருந்தது.

ஃபியூஸ் சார்ஜரைப் பார்த்தான். ஆரஞ்சு. இப்போது ஜெனரேட்டர் ஓடுகிறது, சரி. நிற்கும்போது எப்படி எரிந்தது? விரலால் வயரைத் தொட்டுக்கொண்டே போனான். சார்ஜர். அதன் பிளக் சுவர்ச் சாக்கெட்டில். சாக்கெட்டுக்கு மின்சாரம், ஜெனரேட்டர் நின்றிருந்தால், இன்வெர்ட்டரிலிருந்து. இன்வெர்ட்டருக்குப் பேட்டரியிலிருந்து. பேட்டரிக்குச் சார்ஜரிலிருந்து. விரல் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. தப்பாகப் போய்விட்டோமோ என்று இன்னொரு சுற்று வந்தான். மறுபடியும் அங்கேயே நின்றது.

மூன்று நாளாகப் பேட்டரி தன்னைத்தானே சார்ஜ் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரை ஓட்டைக் குவளையால் மொண்டு அதே வாளியில் ஊற்றுவது போல. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கீழே சிந்தும். வாளி நிறையாது, காலியாகும். இராப்பகலாக, இடைவிடாமல், சுறுசுறுப்பாக.

பேட்டரிக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிளக்கை இன்றைக்கே பழைய இடத்துக்கு மாற்றிவிடலாம். ஆனால் அண்ணியின் மருத்துவமனையை மூடிவிடுவார்கள். வாயைத் திறந்தால் மருத்துவமனை பிழைக்கும். அவன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யானையை முயலிலிருந்து பிரிப்பான். வாத்து வேறு இருக்கிறது.

பேனா 'மறு' வரைக்கும் எழுதிவிட்டது.

"சார், பேட்டரி நல்ல பேட்டரி!" என்று ஃபியூஸ் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்தினான். "பழுது நான்தான்!"

பேனா நின்றது.

அவன் மறுபடி விரலை வைத்துச் சுற்றிக் காட்டினான். பேட்டரி, இன்வெர்ட்டர், சாக்கெட், சார்ஜர், பேட்டரி. அண்ணியின் தலை அவன் விரலோடு சேர்ந்து சுற்றியது. சுற்றி முடித்து நின்றது.

"அப்ப அந்த டெக்னிக்?"

"டெக்னிக் இல்ல அண்ணி."

"வயரு நீளம்?"

"சும்மா அடிச்சுவிட்டேன் அண்ணி."

அதிகாரி ஒரு புதுத் தாளில் எழுதி நீட்டினார். 'எத்தனை நாள்?'

"மூணு நாள் சார். ராத்திரியும் சேத்து."

அதிகாரியின் தோள்கள் குலுங்கின. முதலில் ஜெனரேட்டர்தான் என்று நினைத்தார்கள். பிறகு பார்த்தால், சிரிப்பு. வலப்பக்க முகம் விழுந்து விழுந்து சிரித்தது. மரத்துப்போன இடப்பக்க முகம் கடமையில் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'பல்லை எப்போது முடிப்பீர்கள்? ஊசியின் மரப்பு விட்டால் நான் பொறுப்பில்லை.'

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். "வழக்கமா ரெண்டு மணி நேரம் ஓட்டணும். அதுவரைக்கும் மரப்பு தாங்காதே."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது என்பதில்லை. தெரிந்ததை எங்கே வைப்பது என்பதில்தான் அவனுக்குத் தகராறு. "ரெண்டு மணி வேண்டாம் அண்ணி. பட்டினி கிடந்த பேட்டரி முதல்ல அள்ளி அள்ளிச் சாப்பிடும். வயிறு முக்காவாசி நிறைஞ்ச பிறகுதான் கொறிக்க ஆரம்பிக்கும். நாப்பது நிமிஷம் போதும், கருவிக்கு மட்டும்னா. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் ஒண்ணும் கூடாது."

"விளக்கில்லாம நான் பல்ல மோந்து பாத்தா துளைக்கிறது?"

"வெளிச்சம் நான் கொண்டு வர்றேன்."

நாற்பது நிமிடம் மூன்று பேரும் உட்கார்ந்து குலுங்கினார்கள். பிறகு ஃபியூஸ் ஜெனரேட்டரை நிறுத்தினான். ஓடி வந்து முதல் வேலையாகச் சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கினான். அண்ணியின் அறைக் கதவிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறி, சிகிச்சை அறையின் கூரைத் திறப்பு வழியாக வெயிலை உள்ளே திருப்பினான். வெளிச்சம் முதலில் அதிகாரியின் கண்ணில் விழுந்தது.

"ஆஆ!"

"கீழ, கீழ!" என்று அண்ணி கத்தினார். "அது சட்டை. மேல. அது மூக்கு. இன்னும் கொஞ்சம் கீழ... நில்லு! அசையாத!"

அசையாமல் நிற்க அவன் தயார். படகு தயாராக இல்லை. நங்கூரத்தைச் சுற்றி அது காற்றுக்கேற்ப மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. படகு இடப்பக்கம் திரும்பினால் ஃபியூஸ் கண்ணாடியோடு வலப்பக்கம் நகர்ந்தான். முட்டி மடக்கினான், ஒற்றைக் காலில் நின்றான், வயிற்றால் கண்ணாடியைத் தாங்கினான். ஒரு கட்டத்தில் மேல்தட்டின் விளிம்பில் குதிகால் மட்டும் படகிலும், மீதி ஆள் ஏரிக்கு மேலும் இருந்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. ஆனால் கீழே, கடைவாய்ப் பல்லின் மேல், கை அகல வெயில் ஆணி அடித்தது போல நின்றது. கருவி 'ஙீ' என்று பாடியது. இன்வெர்ட்டர் ஒரு தடவை 'கீ' என்று ஆரம்பித்து, மனம் மாறி அடங்கியது.

"முடிஞ்சது," என்றார் அண்ணி. "கொப்பளிங்க சார்."

அதிகாரி கொப்பளித்தார். பாதித் தண்ணீர் கிண்ணத்திலும் பாதி இஸ்திரி போட்ட சட்டையிலும் விழுந்தது. படிவத்தை எடுத்தார். பேட்டரி பற்றி எழுதிய வரியை அடித்தார். அனுமதி புதுப்பிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கரைக்குப் போகும் சிறு படகில் ஏறுமுன், ஒருமுறை சுவர்ச் சாக்கெட்டைத் திரும்பிப் பார்த்தார். வலப்பக்க முகம் மறுபடி சிரிக்கத் தொடங்கியது. அந்தச் சிறு படகு தூரத்தில் புள்ளியாகும் வரை அவருடைய தோள் குலுங்கியது தெரிந்தது.

அண்ணி நெடுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே கருவிகளைக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தின் வேகத்தை வைத்தே ஃபியூஸ் தன் கதை முடிந்தது என்று முடிவு கட்டினான். நீள வயரை எடுத்து, பின்பக்கத்து அறைக்குத் தவழ்ந்து போய், பிளக்கைப் பழைய சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒழுங்காக மாட்டி வைத்தான். கண்ணாடியைக் கதவில் திருப்பி மாட்டினான். பிறகு மேல்தட்டுக்குப் போய்த் தன் இரண்டு சட்டைகளையும் பைக்குள் மடித்து வைத்தான். சட்டையின் பட்டன்களை அவன் பார்க்கவில்லை.

"அது என்ன பை?" அண்ணி ஏணிப்படியில் பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில், இன்னும் துடைத்து முடிக்காத துளைக்கும் கருவி.

"ஞாயித்துக்கிழமை... அத்தான் கடை..."

"அதிகாரி போறப்ப என்ன எழுதிக் குடுத்தார் தெரியுமா? மேல் பல்லு ரெண்டு இருக்காம். அடுத்த வியாழன் வர்றாராம். இதே வெளிச்சத்துல பாக்கணுமாம். எந்த விளக்குக்குக் கீழயும் அவர் இவ்வளவு சிரிச்சதில்லையாம்."

"சரி அண்ணி."

"என்ன சரி? மேல் பல்லுக்குக் கீழ இருந்து வெளிச்சம் வரணும். கண்ணாடிய யாரு பிடிப்பா, அத்தானா?"

ஃபியூஸ் பையைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். மெல்ல ஒரு சட்டையை வெளியே எடுத்தான். அண்ணி கருவியைத் துடைத்தார். இரண்டாவதையும் எடுத்தான்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஜெனரேட்டர்," என்றார் அண்ணி. "தவழ்ந்து போய் மாட்டு. தவழ்ந்து போய்ப் பிடுங்கு. மீட்டரப் பாத்து எங்கிட்ட வந்து சொல்லு. புதுசா எதாவது தோணுச்சுன்னா, முதல்ல விரல வெச்சு ஒரு சுத்து வா. கிளம்பின இடத்துக்கே வந்தேன்னா, அந்த யோசனைய ஏரியில போடு."

"கண்டிப்பா அண்ணி." அவனுக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் வேறொன்று தோன்றிவிட்டது. "அண்ணி, மேல் பல்லுக்குக் கண்ணாடி ஒண்ணு பத்தாது. சார் மடியில இன்னொண்ணு வெச்சா, இதுல இருந்து அதுக்கு, அதுல இருந்து திரும்ப இதுக்கு..."

அண்ணி கையிலிருந்த கருவியின் பொத்தானை அழுத்தினார். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. 'ஙீ' என்றது.

ஃபியூஸ் வாக்கியத்தை முடிக்கவில்லை.